ஆராதனையில் மனசு நிற்க மாட்டேங்குது: பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்றது?

டிக்கோயா வாசகி | ஞாயிறு, மாலை 6.10

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் எங்க தோட்டத்து ஆலயத்துல வேத பாடம் வாசிக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்த பிள்ளைகளை விசுவாசத்துல உறுதிப்படுத்துற திடப்படுத்தல் வகுப்பையும் எடுக்கிறேன். இன்னைக்கு வகுப்புல பதினாறு வயசுப் பிள்ளை ஒண்ணு கேட்டுச்சு: "டீச்சர், ஆராதனை முழுக்க என் மனசு வேற எங்கயோ இருந்துச்சு. அப்ப நான் இன்னைக்குக் கும்பிட்டது கணக்குல சேருமா?"

சுத்தி இருந்த பிள்ளைகள் எல்லாம் என் முகத்தையே பார்த்துச்சுங்க. அந்தக் கேள்வி எல்லாருக்கும் இருந்திருக்கு. ஒரு பிள்ளைதான் வாய் திறந்து கேட்டுச்சு. அடுத்த ஞாயிறு பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

"போனை அணைச்சு வை, முன் வாங்குல உட்காரு" மாதிரி யோசனை மட்டும் எனக்குப் போதாது. அதுவும் வேணும்தான். ஆனா அந்தப் பிள்ளை கேட்டது வேற. சிதறின மனசோட வர்றவங்களைக் கடவுள் ஏத்துக்கிறாரான்னு கேக்குது. அதோட இன்னொரு விஷயமும் என் மனசுல இருக்கு. வாசிக்கிற இடத்துல நின்னா முழுச் சபையும் தெரியும். ஆறு நாள் தேயிலை மலையில நின்ன பொம்பளைங்க பிரசங்கம் தொடங்கின கொஞ்ச நேரத்துல கண் அசந்துடுறாங்க. அவங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரல. இது தப்பா சரியான்னு நீங்க சொல்லுங்க.

எங்க பக்கத்துல வார்லி ஆலயம் இருக்கு. 1878ல வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தங்களுக்குன்னு கட்டினது, கருங்கல் சுவர். நம்ம தோட்டத்துச் சிற்றாலயம் அப்படியில்ல. தகரக் கூரை, பக்கத்துலயே தொழிலாளர் வீடுங்க வரிசையா இருக்கிற லயம், அந்தப் பக்கம் ரோடு. மனசு நிக்கிறதுக்கு இடமும் ஒரு காரணம்தானே?

---

மஸ்கெலியா சபை | ஞாயிறு, இரவு 8.02

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள் சகோதரி. நல்ல கேள்வி, ஆனால் இலகுவாக விட்டுவிடக் கூடாத கேள்வி.

விதைக்கிறவன் உவமையில் வழியருகே விழுந்த விதையைப் பறவைகள் வந்து தின்றன. சாத்தான் வந்து வசனத்தை எடுத்துப் போடுகிறான் என்று இயேசுவே அதற்கு விளக்கம் சொன்னார். கவனம் சிதறும் நேரம் அந்த நேரம்தான். பிள்ளைகளிடம் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் அவர்கள் சண்டை போடவே மாட்டார்கள்.

ஆராதனை ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை, சனி இரவிலேயே தொடங்குகிறது. சனி இரவு பதினொரு மணி வரை நாடகம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் மனசு எப்படி நிற்கும்? எங்கள் சபையில் சனி மாலையே மறுநாள் வேத பகுதியை வீட்டில் வாசிக்கச் சொல்கிறோம். காலையில் கால் மணி நேரம் முன்பே வந்து முழங்காலில் நிற்கச் சொல்கிறோம். நல்லதண்ணி ரோட்டில் இருக்கிற எங்களுக்குச் சத்தம் புதிது இல்லை. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், சனி ஞாயிறு என்றால் இரவெல்லாம் பஸ்தான். அந்தச் சத்தத்துக்குள்ளேயே ஜெபிக்கப் பழகியிருக்கிறோம்.

பழகலாம். அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

---

ஹட்டன் ஓய்வு ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9.15

நான் கத்தோலிக்கன். பூசையைப் பற்றித்தான் எனக்குத் தெரியும், இருந்தாலும் இந்தக் கேள்வி எல்லாச் சபைக்கும் பொதுவானது.

பிள்ளைகளிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. புனித அகுஸ்தீனார் ஆயராக இருந்த காலத்தில் தம் மனதைப் பற்றி ஒரு நூலில் எழுதும்போது, வீட்டில் உட்கார்ந்திருக்கையில் ஒரு பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் சிக்கிய ஈயைச் சுற்றிக் கட்டுவதும் தம் கவனத்தை இழுத்துவிடுகின்றன என்கிறார். இப்படிப்பட்ட அற்ப விஷயங்கள் ஜெபத்தையே குறுக்கிட்டு முறித்துவிடுகின்றன என்றும் வருந்துகிறார். 1626ல் லண்டனில் ஜான் டன் என்ற ஆங்கிலிக்கன் குரு ஒரு அடக்கப் பிரசங்கத்தில் இதையே வெளிப்படையாகச் சொன்னார். அறைக்குள் போய்க் கடவுளையும் தூதர்களையும் அழைக்கிறேன், அவர்கள் வந்தபின் ஒரு ஈயின் ரீங்காரத்துக்காகவும் ஒரு வண்டியின் சத்தத்துக்காகவும் அவர்களைக் கவனியாமல் விட்டுவிடுகிறேன் என்று. செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குரு அவர். சபைக்கு முன்னால் நின்று சொல்லியிருக்கிறார்.

இனி வழி. 1992ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2729ஆம் எண்ணில் பராக்கைப் பற்றிப் பேசுகிறது. பராக்குகளைத் துரத்திப் பிடிக்கப் போவதே அவற்றின் கண்ணியில் விழுவது என்கிறது. இதயத்துக்குத் திரும்பினால் போதும். அதோடு ஒரு ஆழமான வார்த்தையும் அங்கே உண்டு: நாம் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பராக்கே காட்டிக் கொடுக்கிறது. மனம் ஒவ்வொரு முறையும் எங்கே ஓடுகிறதோ, அதைத்தான் ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

மஸ்கெலியா சகோதரர் சொல்கிற ஆயத்தம் சரி. ஆனால் சண்டை என்ற சொல்லைப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் அப்படியே கொடுத்தால், அது தன் மனதோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆண்டவர் பக்கம் திரும்பவே நேரம் இருக்காது.

---

கொட்டகலை தம்பி | ஞாயிறு, இரவு 10.31

நான் கொழும்புல வேலை. மாசத்துல ஒரு தடவை ஊருக்கு வருவேன். போன் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், இத லேசா கடந்து போயிடாதீங்க.

2020ல ஆலயங்களை மூடினப்போ எல்லாரும் போன்ல ஆராதனை பார்த்தோம். அப்ப அது பெரிய ஆசீர்வாதம், வேற வழியில்ல. ஆனா அந்த நேரத்துல ஒரு பழக்கம் உள்ள வந்துருச்சு. பாட்டுக்கு நடுவுல தேத்தண்ணி ஊத்தப் போறது, பிரசங்கத்துக்கு நடுவுல வேற ஒரு வீடியோவைத் தட்டிப் பார்க்கிறது. ஆலயம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மகூடவே வந்து வாங்குல உட்கார்ந்திருக்கு.

இப்ப என் வயசு ஆளுங்க நிறையப் பேர் வேதாகமத்தைப் போன்லதான் வாசிக்கிறோம். வசனத்தைத் திறந்து வச்சிருக்கும்போதே மேல வட்ஸ்அப் செய்தி வந்து நிக்கும். அதைத் தொடாம விட்டாலும், யார் அனுப்பினதுன்னு மனசு கேட்டுக்கிட்டேதான் இருக்கும். சத்தத்தை மட்டும் நிறுத்தினா போதாது அக்கா. அச்சடிச்ச வேதாகமத்தைக் கையில குடுங்க. இல்லாத பிள்ளைகளுக்குச் சபை வாங்கிக் குடுக்கட்டும். போனை "கொண்டு வராதே"ன்னு சொல்ல முடியாது, கட்டார்ல இருக்கிற அப்பா ஞாயிற்றுக்கிழமை எந்த நேரத்துல எடுப்பார்னு தெரியாத பிள்ளைங்களும் அதுல இருக்கு. பைக்குள்ள வைக்கச் சொல்லலாம்.

---

கொஸ்லாந்தை மகள் | திங்கள், காலை 5.48

வேலைக்குப் போக முன்னாடி எழுதுறேன்.

தகரக் கூரைன்னு அக்கா எழுதினதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு. மழை அடிச்சுப் பெய்ஞ்சா எங்க ஆலயத்துல போதகர் பேசுறது இரண்டாவது வாங்குக்குக்கூடக் கேக்காது. ஆனா சத்தம் எங்களுக்குப் பிரச்சினையில்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்கள் புதைஞ்சதை எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறக்கல. அதுக்குப் பிறகு மழை பெலத்தா ஆலயத்துல ஒவ்வொரு முகமும் மாறிடும். வீட்டுக்குப் பின்னால இருக்கிற மேட்டை நினைக்கிறாங்க. வீட்டுல படுத்திருக்கிற வயசான அம்மாவை நினைக்கிறாங்க. கண் பலிபீடத்தைப் பார்த்துக்கிட்டிருக்கும். மனசு லயத்துலதான் இருக்கும்.

அதைக் கவனச் சிதறல்னு நான் சொல்ல மாட்டேன். அந்த நேரத்துல எங்ககிட்ட இருக்கிற ஜெபமே அதுதான். மேட்டை நினைச்சுக்கிட்டு "ஆண்டவரே"ன்னு ஒரு தடவை சொன்னாப் போதும், அந்த நினைப்பு அவர்கிட்டப் போய்ச் சேர்ந்துடும்னு நம்புறேன். மனசைக் காலி பண்ணிட்டுத்தான் கும்பிடணும்னா, இங்க உள்ளவங்க யாரும் கும்பிடவே முடியாது.

---

மஸ்கெலியா சபை | திங்கள், பகல் 12.20

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நீங்கள் சொல்வது ஜெபம்தான். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட வேண்டாம். பயத்தை ஆண்டவரிடம் கொண்டுபோகிற மனமும், போனில் யார் என்ன அனுப்பினார்கள் என்று தவிக்கிற மனமும் ஒன்று அல்ல. ஹட்டன் ஐயா சொன்னபடியே பார்த்தாலும், பராக்கு நம் பற்றைக் காட்டிக் கொடுக்கிறது என்றால், சில பற்றுகளைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், சிலவற்றை அறுத்துப் போட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

---

பண்டாரவளை அம்மா | திங்கள், பிற்பகல் 3.05

இதுவரைக்கும் யாரும் சின்னப் பிள்ளைகளைப் பத்தி எழுதல. எங்க சபையில இரண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளை வச்சிருக்கிற தாய்மார் பாதி ஆராதனையை வெளித் திண்ணையிலதான் கழிக்கிறாங்க. உள்ள பிள்ளை ஒரு சத்தம் போட்டா எல்லாத் தலையும் திரும்பும். அந்தப் பார்வைக்குப் பயந்தே வெளிய போயிடுறாங்க. பிள்ளை அழுறது ஒரு நொடி, நாம திரும்பிப் பார்க்கிறது அந்தத் தாயை அடுத்த மாசம் வரைக்கும் வராம வச்சிடும். இதை நான் மனசார சொல்றேன்: பிள்ளைச் சத்தத்தைத் தாங்கிக்கிட்டு ஜெபிக்கப் பழகுறது பெரியவங்களோட கடமை.

நான் மெதடிஸ்த சபை. ஜோன் வெஸ்லியோட தாய் சூசன்னாவைப் பத்தி எங்க பாட்டி காலத்துலயே சொல்லுவாங்க. பத்தொன்பது பிள்ளை பெத்தவங்க, தப்பிப் பிழைச்சதுங்க கொஞ்சம். அந்த வீட்டுல தனியா ஜெபிக்க இடம் இல்லாததால, ஏப்ரனை எடுத்துத் தலைக்கு மேல போட்டுக்குவாங்களாம். அம்மா அப்படி உட்கார்ந்திருந்தா தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குத் தெரியுமாம்.

"அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணு"ன்னு மத்தேயு 6:6ல இருக்கு. 10க்கு 12 அடி ஒற்றைக் காம்பராவுல ஆறு பேர், எட்டுப் பேர் இருந்த குடும்பத்துல எந்தக் கதவைப் பூட்டுறது? எங்க ஆத்தா விடியக் காலையில அடுப்புக்கு முன்னால முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு உட்காருவா. அந்த நேரம் யாரும் அவகூடப் பேச மாட்டோம். சேலைத் தலைப்புக்குள்ளயே அவளுக்கு ஒரு அறை இருந்துச்சு. ஆலயத்துலயும் நம்ம பொம்பளைங்க முக்காடு போடுறோமே, அதை வழக்கத்துக்குப் போடாம இதுக்குப் போடலாம்னு உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிப் பாருங்க வாசகி. இரண்டு பக்கமும் பார்வை போகாது, குனிஞ்சா தன் கை மட்டும்தான் தெரியும்.

---

ஹட்டன் ஓய்வு ஆசிரியர் | திங்கள், மாலை 5.40

பண்டாரவளை அம்மா எழுதியதைப் படித்ததும் புனித யோசேப் வாஸ் நினைவுக்கு வந்தார். 1692ல் கண்டிக்கு வந்தவரை ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறையில் வைத்தார்கள். காவலுக்கு நடுவில்தான் அவருடைய ஜெபம் நடந்தது. 1711ல் கண்டியிலேயே இறந்தார். 2015ல் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் மலைநாட்டில் விசுவாசம் அமைதியான அறைக்குள் வளர்ந்தது அல்ல, அதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

கம்பளை கீபோர்ட் | திங்கள், இரவு 9.22

பாட்டுக்குழுவுல இருக்கிறவன்ற முறையில ஒண்ணு சொல்லணும். சபையோட கவனத்தைச் சிதறடிக்கிறதுல எங்க பங்கு பெரிசு.

முப்பது பேர் இருக்கிற ஆலயத்துக்கு முந்நூறு பேருக்குப் போதுமான ஸ்பீக்கர் எதுக்கு? சத்தம் கூடக் கூட ஜனங்க பாடுறதை நிறுத்திடுறாங்க. தன் குரலே தன் காதுக்குக் கேக்கலன்னா மனுஷன் பாட மாட்டான். வாய் மூடினா மனசு கிளம்பிடும். அதே மாதிரி ஒவ்வொரு ஞாயிறும் புதுப் பாட்டு கொண்டு வந்தா, பாட்டுத் தெரிஞ்ச நாலு பேர் பாடுவோம், மத்தவங்க எங்களைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

பழைய கீர்த்தனை ஒண்ணை எடுத்தா என்ன நடக்குதுன்னு கவனிச்சிருக்கேன். புத்தகமே வேணாம், எழுபது வயசுப் பாட்டி கண்ணை மூடிக்கிட்டு எல்லா அடியையும் பாடுவாங்க. வார்த்தை மனப்பாடமா இருக்கிறதால மனசு அதுக்குள்ள போய் உட்கார இடம் கிடைக்குது. இதுக்கு எதிர்ப் பேச்சும் இருக்குன்னு தெரியும்: மனப்பாடமா இருந்தா வாய் மட்டும்தான் பாடும்னு சொல்லுவாங்க. அப்படியும் ஆகலாம். ஆனா தெரியாத பாட்டுல வாய்கூடப் பாடுறதில்லையே.

ஹட்டன் சேர், அகுஸ்தீனார் பாட்டைப் பத்தியும் ஏதோ சொல்லியிருக்கார்தானே?

---

ஹட்டன் ஓய்வு ஆசிரியர் | திங்கள், இரவு 9.50

ஆமாம் தம்பி, அதே நூலில்தான். பாடப்படுகிற பொருளைவிடப் பாடுகிற குரல் தம்மை அதிகம் அசைத்துவிட்டால் அது தம் குற்றம், அப்போது பாட்டைக் கேளாமலே இருந்திருக்கலாம் என்று நினைப்பதாக எழுதுகிறார். ஆனாலும் ஆலயத்தில் பாட்டு இருக்கட்டும் என்றே முடிக்கிறார், பலவீனமான மனம் செவியின் இன்பத்தால் பக்திக்கு எழும்பட்டும் என்று. மனுஷனின் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர்.

இன்னொன்று, மௌனம். 1963ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், மக்கள் முழுமையாகவும் அறிந்தும் ஊக்கத்தோடும் பங்கெடுக்க வேண்டும் என்கிறது. அதே ஏடுதான் தகுந்த நேரத்தில் திருமௌனம் காக்க வேண்டும் என்றும் கேட்கிறது. பூசையில் "இதயங்களை மேலே எழுப்புங்கள்" என்று குரு சொல்லும் இடத்தில் ஒரு மூச்சு விட நேரம் கொடுத்தாலே போதும், ஓடிப் போன மனம் திரும்பி வர அது ஒரு வாசல். நாமோ பதிலை அவர் முடிக்க முன்பே சொல்லி முடித்துவிடுகிறோம்.

---

பதுளையிலிருந்து | செவ்வாய், காலை 7.15

குறுகச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு என்னால் கதவுக்கு முதுகு காட்டி உட்கார முடியவில்லை. எங்கள் ஊருக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் சபையிலும் இறந்தவர்கள் நம்மைப் போலவே உயிர்த்த ஞாயிறு ஆராதனைக்குப் போனவர்கள். வாசலில் பைகளைச் சோதித்த காலத்தில், பை திறக்கும் சத்தம் கேட்டாலே திரும்பிப் பார்ப்பேன். இப்போது குறைந்திருக்கிறது.

எனக்கு உதவியது ஒன்றுதான். எங்கள் போதகரிடம் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. பின் வாங்கில் சுவரோரம் ஒரு இடத்தைக் காட்டி, இங்கே உட்காருங்கள், கதவும் தெரியும் பலிபீடமும் தெரியும் என்றார். பின் வாங்கில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பக்தி குறைந்தவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

---

டிக்கோயா வாசகி | செவ்வாய், இரவு 8.30

எல்லாப் பதிவையும் இரண்டு தடவை வாசிச்சேன். பதுளைக்காரர் எழுதினதுக்கு நன்றி, அது எழுதறதுக்கு லேசான விஷயம் இல்லை.

கண் அசர்ற பொம்பளைங்களைப் பத்தி யாரும் இன்னும் பேசல. கொழுந்து நிறைய வர்ற ரஷ் காலத்துல ஞாயிறும் கைக்காசுக்கு, அதாவது தனிக் காசு கிடைக்கிற வேலைக்குப் போறாங்க. காலையில போய்ட்டு நேரா ஆலயத்துக்கு வர்றவங்களும் உண்டு. கொழுந்துச் சாக்குச் சுமந்த முதுகு, அட்டை கடிச்ச கால். வாங்குல சாய்ஞ்சு உட்கார்றது அவங்களுக்கு அந்தக் கிழமையிலயே அப்பத்தான். தூங்காம என்ன செய்வாங்க?

---

மஸ்கெலியா சபை | செவ்வாய், இரவு 9.10

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். "ஒரு மணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக் கூடாதா" என்று கெத்செமனேயில் ஆண்டவர் கேட்டாரே. அந்தக் கேள்வியை நாம் இல்லாமல் ஆக்க முடியாது.

---

பண்டாரவளை அம்மா | செவ்வாய், இரவு 9.34

அடுத்த வசனத்தையும் வாசிங்க தம்பி. "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது." கேட்டவரே அவங்களுக்காகப் பேசவும் செய்றார்.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்துல ஐத்திகு கதை இருக்கு. துரோவா பட்டணம், மூணாவது மாடி, நிறைய விளக்கு, பவுல் நடு ராத்திரி வரைக்கும் பேசுறார். ஜன்னல்ல உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கி விழுந்துட்டான். பவுல் அவனைத் திட்டினதா ஒரு வார்த்தை இல்ல. கீழ இறங்கிப் போய் அணைச்சுக்கிட்டார். அவன் பிழைச்சதும் மேல வந்து அப்பம் பிட்டார். தூங்குறவங்களைப் பார்த்து மேடையிலயிருந்து பேர் சொல்லி எழுப்புற ஊழியக்காரர் அந்த அதிகாரத்தை வாசிக்கணும்.

---

பொகவந்தலாவை மகன் | புதன், மாலை 6.55

எங்கம்மாவுக்கு இந்தப் பதிவை எல்லாம் வாசிச்சுக் காட்டினேன். அம்மா பென்ஷன் எடுத்தவங்க, வாழ்க்கை முழுக்கக் கொழுந்து எடுத்தவங்க. அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்.

"கொழுந்து எடுக்கிறப்ப நாங்க வாயை மூடிக்கிட்டா எடுத்தோம்? வீட்டுக் கதை, மாமியா கதை, சம்பளக் கதை, எல்லாம் பேசுவோம். ஆனா முத்தின எலை கூடைக்கு வராது. ஏன்னா கண்ணு அங்க இங்க போனாலும் கை செடிக்குத் திரும்பி வந்துரும். புதுசா வந்த புள்ளைக்கு அது வராது, பேச்சுல போனா போனதுதான். வருசக் கணக்கா எடுத்தாத்தான் கை தானா திரும்பும். சாமி கும்பிடறதும் அப்படித்தான்டா. மனசு போவாம இருக்காது. திரும்பி வரப் பழக்கணும். அந்தப் புள்ளைக்கு இன்னும் பதினாறு வயசுதானே, அதுக்குள்ள எப்படி வரும்? எடுக்க எடுக்கத்தான் வரும்."

தூங்குறதைப் பத்திக் கேட்டேன். "நானும் தூங்கியிருக்கேன். ஆனா நன்மை அப்பம் வாங்குற நேரத்துக்குப் பக்கத்துல இருக்கிறவ தட்டி எழுப்பிடுவா. நானும் அவளை எழுப்பியிருக்கேன்"ன்னாங்க.

---

கொட்டகலை தம்பி | புதன், இரவு 7.40

அண்ணே, அம்மா சொன்னதை நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்து எங்க வாலிபர் குழுவுக்கு அனுப்பிட்டேன். பேர் போடல. பரவாயில்லதானே?

---

பொகவந்தலாவை மகன் | புதன், இரவு 7.52

அனுப்புங்க தம்பி. அம்மாகிட்டச் சொன்னேன், சந்தோஷப்பட்டாங்க.

---

மஸ்கெலியா சபை | வியாழன், காலை 6.30

அந்த அம்மாவின் வார்த்தை எனக்கு வேறொரு தொழிலாளியை நினைவூட்டுகிறது. 1535ல் மார்ட்டின் லூதர் தமக்கு முடி வெட்டுகிற பீட்டர் என்ற நாவிதருக்கு, எப்படி ஜெபிப்பது என்று ஒரு நீண்ட கடிதமாக எழுதிக் கொடுத்தார். நல்ல நாவிதன் தன் எண்ணத்தையும் கண்ணையும் கத்தியிலும் முடியிலும் வைக்கிறான், பேச்சிலேயே போய்விட்டால் வாயையோ மூக்கையோ வெட்டிவிடுவான், ஜெபத்துக்கும் அப்படி முழு மனம் வேண்டும் என்கிறார். நான் இத்தனை காலம் இதை மட்டும்தான் பிரசங்கங்களில் சொல்லி வந்தேன். அதே கடிதத்தில் லூதர் வேறொன்றும் சொல்கிறார்: கர்த்தருடைய ஜெபத்தையோ பத்துக் கட்டளைகளையோ வரி வரியாக எடுத்து மனசைச் சூடாக்கிக்கொள், நல்ல எண்ணம் ஒன்று வந்தால் மற்றதை விட்டுவிட்டு அங்கேயே அமைதியாக நின்று கேள், பரிசுத்த ஆவியானவர் அங்கே பிரசங்கிக்கிறார் என்று. வேத பகுதியிலிருந்து பிறந்த எண்ணம் நம்மை வேறு பக்கம் கொண்டுபோனால் அதைச் சிதறல் என்று தள்ள வேண்டாம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

முழு மனம் வேண்டும் என்பதில் நான் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறேன். அது கட்டளையின் முதல் வரி. ஆனால் முழு மனத்தை ஒரே நாளில் கேட்பதும், அதைப் பழக்கத்தால் வளர்ப்பதும் வேறு. பொகவந்தலாவை அம்மாவுக்கு என் வணக்கம்.

---

கம்பளை கீபோர்ட் | வியாழன், இரவு 8.15

நேத்துப் பயிற்சியில ஸ்பீக்கர் ஒண்ணைக் கழட்டிட்டுப் பாடிப் பார்த்தோம். எங்க குழுவுல இரண்டு பேருக்குப் பிடிக்கல, சத்தம் இல்லன்னா அபிஷேகம் இல்லன்ற மாதிரி பேசினாங்க. வர்ற ஞாயிறு போதகர் ஐயா முடிவு சொல்வார். இரண்டு பழைய கீர்த்தனை, ஒரு புதுப் பாட்டுன்னு கேட்டிருக்கேன்.

---

டிக்கோயா வாசகி | சனி, மாலை 4.45

நாளைக்கு வகுப்பு. பிள்ளைங்களுக்குச் சொல்லப் போறதை எழுதிட்டேன், உங்க பார்வைக்கு வைக்கிறேன்.

கணக்குல சேருமான்னு கேட்ட பிள்ளைக்கு: சேரும். நீ ஆலயத்துல உட்கார்ந்திருந்தப்போ மனசு பத்துத் தடவை போய்ப் பத்துத் தடவை திரும்பியிருந்தா, பத்துத் தடவை ஆண்டவர்கிட்ட வந்திருக்கே. மனசு எங்க போச்சுன்னு ஞாபகம் இருக்கா? பரீட்சையா, வெளிநாட்டுல இருக்கிற அம்மாவா, ஒரு பையனா? அதை மறைக்காம அடுத்த ஜெபத்துல முதல்ல அதைச் சொல்லு. கொண்டுபோய்க் குடுக்க வேண்டியதா, விட்டுட வேண்டியதான்னு சொல்லும்போதே உனக்குத் தெரியும். போன் பையில இருக்கட்டும். வேதாகமம் கையில இருக்கட்டும். சனி ராத்திரி நாளைக்கு வாசிக்கப் போற பகுதியை ஒரு தடவை வாசி, அப்ப காலையில கேக்கும்போது தெரிஞ்ச குரல் மாதிரி இருக்கும்.

சபைக்குன்னு மூணு விஷயம் போதகர் ஐயாகிட்டக் கேட்டேன். பாடம் வாசிச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பேசாம இருக்கிறதுக்கு ஒத்துக்கிட்டார். சின்னப் பிள்ளை வச்சிருக்கிற தாய்மாருக்கு முன்னால ஒரு பக்கம் பாய் விரிக்கவும் ஒத்துக்கிட்டார். கைக்காசு இருக்கிற ஞாயிறுகள்ல பிரசங்கத்தைச் சுருக்கணும்னு கேட்டதுக்கு மட்டும் யோசிச்சுச் சொல்றேன்னார். நான் விடப் போறதில்ல, திரும்பவும் கேப்பேன். தோட்டத் தொழிலாளருக்கு ஊழியம் செய்ய 1854ல தொடங்கின தமிழ் கூலி மிஷன் காலத்துல உபதேசியார்மார் லயத்து வாசலுக்கே வந்து வாசிச்சாங்க. உழைக்கிற ஜனங்களோட நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆராதனையை வைக்கிறது நம்ம சபைக்குப் புதுசு இல்ல.

கொஸ்லாந்தை மகளே, ஒண்ணு கேக்கணும். மழை பெலத்துப் பிரசங்கம் கேக்காமப் போனா உங்க ஆலயத்துல என்ன செய்வீங்க? எங்க கூரையும் அப்படித்தான்.

---

கொஸ்லாந்தை மகள் | சனி, இரவு 7.20

போதகர் பேச்சை நிறுத்திடுவார் அக்கா. எல்லாரும் எழும்பி நிப்போம், பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிச்சுக்குவோம். 46ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து உரத்துச் சொல்லுவோம், "பர்வதங்கள் அதிர்ந்தாலும்"னு வருமே, அந்தச் சங்கீதம். மனப்பாடமா இல்லாதவங்களும் பக்கத்து ஆளோட வாயைப் பார்த்துச் சொல்லிடுவாங்க. அதுக்குப் பிறகு ரெண்டு பேர் வெளிய போய்ப் பின்னால மேட்டைப் பார்த்துட்டு வருவாங்க. ஆம்பளைங்க முறை வச்சிருக்காங்க. அவங்க உள்ள வந்து தலையாட்டினதும் போதகர் விட்ட இடத்துலயிருந்து தொடங்குவார். மழை விடலன்னா ஆராதனையை அங்கயே முடிச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவார்.

உங்க வகுப்புப் பிள்ளைங்களுக்கு 46ஐ மனப்பாடம் பண்ணக் குடுங்க. பதினோரு வசனம்தான்.